உப்பு வந்த கால்வாய்க்கு இன்று யார் பொறுப்பு?

2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனபோது, புத்தளத்திலிருந்து புறக்கோட்டைக்கு உப்பும் கருவாடும் ஏற்றி வரும் லொறிக்காரர்கள் கேட்ட கூலியை எமது வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். மூடைக்குள் இருக்கும் பொருளின் விலையை விட மூடையைச் சுமந்து வரும் கூலி பெரிதாகத் தெரிந்த நாட்கள் அவை. அப்போது எமது கடைத் தெருவில் வயதான ஹாஜியார் ஒருவர், "முந்தி மாதிரி தண்ணில கொண்டு வந்தா டீசல் என்னத்துக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் அவர் கடலைச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர் சொன்னது கடலை அல்ல, கால்வாயை.

வத்தளையைத் தாண்டி ஹெந்தளைப் பக்கம் போனவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். கறுத்த நீர், இரு கரையிலும் வீடுகள், கட்டி வைத்த மீன்பிடிப் படகுகள். இதுதான் ஹமில்டன் கால்வாய். பலர் இதைக் கொழும்புக்குள் ஓடும் ஏதோ ஒரு கான் என்றே எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் இது ஒரு நெடும்பாதையின் தெற்கு வாசல். களனி கங்கையின் வடகரையிலிருந்து புறப்பட்டு, முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரமாக நீர்கொழும்புக் களப்பில் சேர்ந்து, நீர்கொழும்பு நகரை ஊடறுத்து மா ஓயாவுக்குப் போய், அங்கிருந்து சிறு ஓயாக்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து சிலாபக் களப்பு, தெதுறு ஓயா, முந்தல் களப்பு என்று தொட்டுத் தொட்டுக் கடைசியில் புத்தளக் களப்பில் விழும் பாதை. களப்பில் இறங்கிவிட்டால் மறுகரையில் கற்பிட்டி. நூறு கிலோமீற்றருக்கும் கூடிய தூரம் கடலுக்குள் போகாமலே படகில் போகலாம்.

இதன் சூட்சுமம் எளிமையானது. எமது மேற்குக் கரையில் ஆறுகள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக் கடலில் விழுகின்றன. அவற்றின் வாயில் மணல் திட்டு விழுந்து, அதற்குப் பின்னால் நீர் தேங்கிக் களப்பாக நிற்கிறது. இயற்கை தானே அமைத்து வைத்த இந்தத் தேக்கங்களை வடக்குத் தெற்காக வெட்டி இணைத்ததுதான் மனிதன் செய்த வேலை. முழுத் தூரமும் வெட்டவில்லை. இடையில் விடுபட்ட துண்டுகளை மட்டும் வெட்டினான். சிக்கனமான வேலை என்றுதான் ஒரு வியாபாரி சொல்வான்.

தொடக்கி வைத்தவர்கள் ஒல்லாந்தர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. புத்தளப் பக்கத்தில் இன்றும் 'டச்சுக் கால்வாய்' என்றே பெயர். ஆனால் கோட்டை இராச்சிய காலத்திலேயே, 15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டாம் வீரபராக்கிரமபாகு மன்னன் காலத்தில், உள்ளூர்ப் பொருட்களை நீர்கொழும்புத் துறைக்குக் கொண்டு போக இந்தப் பகுதியில் கால்வாய் இருந்திருக்கிறது. பாக்கு, கறுவா, மிளகு எல்லாம் அதில் போயின. பின்னர் வந்த போர்த்துக்கேயர் வெட்டிய வாய்க்கால் வழியாகக் கடலுப்பு உள்ளே ஏறி முத்துராஜவெலவின் நெல் வயல்கள் கெட்டன. முத்து, ராஜா, வயல் என்று மூன்று சொல்லும் சேர்ந்த பெயர் அது. அவ்வளவு பெறுமதியான வயலாக இருந்த இடம் இன்று சதுப்பு நிலம். ஒல்லாந்தர் அணை கட்டி உப்பு நீரைத் தடுக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆங்கிலேயர் வந்து 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்த 14.5 கிலோமீற்றர் துண்டுதான் ஹமில்டன் கால்வாய். அப்போது வருமானத்துக்கும் வாணிபத்துக்கும் பொறுப்பாக இருந்த கவின் ஹமில்டன் என்ற அதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள். அதை மண்வெட்டியால் வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எம்மவரின் பங்கு

இந்தப் பாதையின் வட முனையில் இருக்கும் புத்தளம் எமக்குப் புதிய ஊர் அல்ல. 1344 இல் இப்னு பதூதா வந்து இறங்கிய ஊர். கண்டி இராச்சியத்துக்குக் கடல் வாசலாக இருந்த ஊர். மலைநாட்டில் எது விளைந்தாலும் உப்பு விளையாது. அரிசியும் காய்கறியும் உள்ள கண்டியான் உப்புக்கும் கருவாட்டுக்கும் கரையைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டிக் களப்பின் வாயைப் பிடித்துக்கொண்டார்கள். களப்பின் வாயைப் பிடித்தவன் கண்டி மன்னனின் வியாபாரத்தைப் பிடித்தான்.

கொழும்பு முனையில் எமது நிலை வேறு. ஒல்லாந்தர் முஸ்லிம்களையும் செட்டிகளையும் அந்நியர் என்று கணித்து 'ஊழியம்' என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். வேலை செய்ய முடியாதவன் பணம் கட்ட வேண்டும். கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் எம்மவர் காணி வைத்திருக்கத் தடை. அந்தத் தடை ஆங்கிலேயர் காலத்தில் 1832 இல்தான் நீங்கியது. நகரத்துக்குள் இடம் மறுக்கப்பட்டவனுக்கு நகரத்துக்கு வெளியே ஓடிய தண்ணீர் கை கொடுத்தது என்பது என் எண்ணம். அந்தப் பாதையின் ஓரத்து ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வத்தளைக்கு அருகில் மாபோலை, நீர்கொழும்பில் பெரியமுல்லை, கொச்சிக்கடைப் பக்கம் கம்மல்துறை, பிறகு சிலாபம், முந்தலுக்கு அப்பால் விருதோடை, கணமூலை, புழுதிவயல், கடைசியில் புத்தளம், கற்பிட்டி. தண்ணீருக்கு அருகே ஒரு பள்ளிவாசல், பள்ளிக்கு அருகே ஒரு கடை.

எம்மவர் மட்டும் என்று சொன்னால் அது பெருமை பேசுவதாகிவிடும். மீன் நீர்கொழும்பு, சிலாபத்துக் கத்தோலிக்க மீனவருடையது. தேங்காயும் தும்பும் சிங்களக் கிராமத்தவருடையவை. கருவாடு உடப்புத் தமிழரிடமும் வந்தது. படகு தள்ளியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். இடையில் நின்று வாங்கி விற்றவர்களில் முஸ்லிம்கள் கூட. ஒரே தண்ணீரில் நாலு சமூகமும் பிழைத்தன. விலையில் சண்டை வந்திருக்கும், தண்ணீர் பொதுவாகவே இருந்தது.

படகும் கணக்கும்

படகு என்றால் கடற்படகு அல்ல. அடிப்பாகம் தட்டை. நடுவில் ஓலைக் கூரை, அதற்கடியில் சரக்கு. சிங்களத்தில் 'பாருவ' என்பார்கள். ஆழமில்லாத நீரில் நீண்ட கம்பை ஊன்றித் தள்ளுவார்கள். கரை நன்றாக இருக்கும் இடத்தில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். சமையலும் உறக்கமும் படகிலேயே.

என் வாப்பாவின் வாப்பா புத்தளத்தில் சிறிய கொப்பரா வியாபாரி. படகுக் கணக்கை வாப்பா எங்களுக்குச் சொல்லித் தந்தது இப்படி: மாட்டு வண்டியில் பாரத்தைத் தரை சுமக்கிறது, படகில் தண்ணீர் சுமக்கிறது. வண்டியில் மூடை கூடினால் மாடு கூட வேண்டும், மாடு கூடினால் தீனி கூட வேண்டும். படகில் மூடை கூடினால் படகு இரண்டு விரல் தாழும், அவ்வளவுதான். தள்ளுபவர்கள் அதே இரண்டு மூன்று பேர். ஆனால் நாள் கூடும். ஆகவே கெடாத சரக்கு, பாரமான சரக்கு, விலை குறைந்த சரக்கு எல்லாம் தண்ணீரில் போகும். உப்பு, கொப்பரா, தும்பு, விறகு, ஓடு, செங்கல். அவசரமானதும் விலை உயர்ந்ததும் தரையில் போகும். இன்று பெரிய கம்பனிகள் கப்பலா விமானமா என்று போடும் கணக்கும் இதே கணக்குத்தான்.

ஆங்கிலேயர் உப்பை அரசின் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். கால்வாயில் போகும் படகுக்கு ஆயம் வாங்கினார்கள். ஆயத்தைத் தாங்களே நின்று வசூலிக்கவில்லை. ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். ஏழைப் படகுக்காரனிடம் குத்தகைக்காரன் காட்டிய கெடுபிடி நல்லதல்ல. என்றாலும் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படகு ஓடினால்தான் குத்தகைக்காரனுக்குக் காசு. மரம் விழுந்து கிடந்தாலோ மணல் மூடினாலோ முதலில் கூச்சல் போடுபவன் அவன்தான். கூச்சல் போட ஒருவன் இருந்ததால் அதிகாரி மண்வெட்டியோடு ஆள் அனுப்பினான். தண்ணீரின் மேல் பணம் போட்ட ஒருவன் இருந்த வரைக்கும் தண்ணீருக்கு ஒரு காவல் இருந்தது.

புகையிரதம் 1909 இல் நீர்கொழும்புக்கும், 1916 இல் சிலாபத்துக்கும், 1926 இல் புத்தளத்துக்கும் வந்தது. பிறகு லொறி. முதலில் நல்ல சரக்கு கால்வாயை விட்டுப் போனது, பிறகு உப்பு போனது, கடைசியில் விறகும் செங்கல்லும் போயின. படகு குறைய ஆயம் குறைந்தது, ஆயம் குறையக் கவனிப்புக் குறைந்தது, கவனிப்புக் குறைய மீதிப் படகும் நின்றது. புகையிரதம் கால்வாயைக் கொன்றது என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சரக்கைப் புகையிரதம் எடுத்துக்கொண்டது. தண்ணீரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே கிடந்தது. கிடந்த பொருளைத்தான் பிறகு வந்தவர்கள் பாழாக்கினார்கள்.

இறால் பணம்

எப்படிப் பாழானது என்பதற்குப் பழைய வரலாறு தேவையில்லை. எங்கள் காலத்திலேயே பார்த்தோம். 1980 களில் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இறால் வளர்ப்பு தொடங்கியது. 1990 களில் அது தங்க வேட்டை போல ஆகிவிட்டது. ஜப்பானுக்குப் போகும் இறால், டொலரில் வரும் பணம். தென்னங்காணி வைத்திருந்தவன் தென்னையை வெட்டினான், கண்டல் காடு நின்ற கரையை வாங்கியவன் கண்டலை வெட்டினான். குளம் குளமாகத் தோண்டினார்கள். அத்தனை குளத்துக்கும் உவர் நீர் எங்கிருந்து? டச்சுக் கால்வாயிலிருந்தும் அது தொடுக்கும் களப்புகளிலிருந்தும்தான். மோட்டார் வைத்து இறைத்தார்கள். அறுவடை முடிந்து அழுக்கு நீரை எங்கே விட்டார்கள்? அதே கால்வாயில்.

என் ராத்தாவின் மாப்பிள்ளை அப்போது முந்தல் பக்கம் நாலு குளம் போட்டார். முதல் இரண்டு அறுவடையில் வீட்டுக்கு மேல்மாடி எழும்பியது. 1996 இல் வெண்புள்ளி நோய் நாட்டுக்குள் வந்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் குளம் முழுவதும் போய்விடும். முதல் தடவை அவர் தப்பினார். 1998 இல் மறுபடி நோய் எழும்பியபோது, அவருக்கு மேலே இருந்த பண்ணைக்காரர் நோய் கண்ட குளத்தை இரவோடு இரவாகத் திறந்துவிட்டார். அவரும் நட்டப்பட்ட மனிதர். செத்துக்கொண்டிருந்த இறாலில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நீரை விட்டிருக்கிறார். மறுநாள் காலை மச்சான் அறியாமல் மோட்டாரைப் போட்டு அந்த நீரையே தன் குளங்களுக்கு ஏற்றினார். ராத்தாவின் நகை அடகுக் கடையில் மூழ்கியது அந்த வருடம்தான். "மச்சான், நான் டீசல் ஊத்தி இறைச்சது தண்ணியில்ல, அவன்ட நட்டத்த" என்று என்னிடம் சொன்னார்.

இந்த ஒரு வசனத்தில் முழுக் கால்வாயின் கதையும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பண்ணைகளுக்கு ஒரே குழாய். ஒருவரின் கழிவு வாசல் அடுத்தவரின் குடிவாசல். ஒவ்வொருவரும் தன் குளத்துக்கு நஞ்சு வராமல் மருந்து வாங்கினார்கள், காவல் போட்டார்கள். நடுவில் ஓடும் நீருக்குச் செலவு செய்ய ஒருவரும் இல்லை. பள்ளிவாசல் ஹவுழில் ஊரே வுழூ செய்கிறது, ஆனால் அதைக் கழுவிவிட ஒரு மோதினார் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் கொடுக்க ஒரு நிருவாகம் இருக்கிறது. இந்தக் கால்வாய்க்கு அப்படி ஒருவர் இல்லை.

பட்ட பிறகு புத்தி வந்தது என்றே சொல்ல வேண்டும். நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து, புத்தளம் மாவட்டத்துப் பண்ணைப் பகுதியை வலயங்களாகப் பிரித்தன. எந்த வலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம் என்று ஒரு நாட்காட்டி போட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இறைத்து ஒரே நேரத்தில் கழிவு விடாமல் முறை வைத்தார்கள். மூடிய வீதியில் ஒவ்வொரு பக்கமாக வாகனம் விடுவது போல. நோய் ஒழியவில்லை, ஆனால் தொழில் செத்துப் போகாமல் நின்றது இந்த முறையாலும்தான். சட்டத்தால் மட்டும் வந்த முறை அல்ல இது. அடுத்தவன் நட்டம் தன் குளத்துக்கு வரும் என்று விளங்கியவர்கள் ஒத்துக்கொண்ட முறை.

கைவிடப்பட்ட குளங்கள் இன்னும் கிடக்கின்றன. மரமும் இல்லை, இறாலும் இல்லை, உப்பேறிய மண்ணில் நெல்லும் இல்லை. சிலர் அவற்றை உப்பளமாக்கினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில் போட்ட எமது மக்களில் பலர் இந்த உப்பளங்களிலும் பண்ணைகளிலும் கூலிக்கு நின்றுதான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். களப்பு நீர் கெட்டால் முதலில் வேலை இழப்பது குளத்துச் சொந்தக்காரர் அல்ல, அவர்கள்தான்.

வெள்ளத்தின் கணக்கு

கொழும்பு முனையிலும் இதே கதை வேறு உருவத்தில் நடந்தது. சென் செபஸ்தியன் கால்வாய், தெமட்டகொடை, கிருலப்பனை, வெள்ளவத்தை என்று நகரைச் சுற்றி ஓடிய கால்வாய்கள் ஒரு காலத்தில் சரக்குப் பாதைகள், பிறகு கழிவுக் கான்கள். போக இடமில்லாத ஏழைகள் கரையில் குடிசை போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். கடையின் பின்கதவைத் திறந்து அழுகிய வெங்காயத்தையும் கிழிந்த பொலித்தீனையும் கால்வாயில் தள்ளும் எம்மவரைச் சொல்வதுதான் கஷ்டம். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றம் வரை தண்ணீர் ஏறியபோது அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2012 இல் உலக வங்கியிடம் 21 கோடி 30 இலட்சம் டொலர் கடன் எடுத்துக் கொழும்பின் கால்வாய்களையும் வடிகால்களையும் திருத்தும் திட்டம் வந்தது. நல்ல வேலைதான். ஆனால் 2016 மே மாதத்தில் களனி பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் எமது மக்கள் கூரை வரை தண்ணீரில் நின்றார்கள். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது களனி, மா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் ஒரே நேரத்தில் பெருகின. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடைகளில் நனைந்து போன அரிசிக்கும் சீனிக்கும் சீமெந்துக்கும் கணக்கே இல்லை.

அப்படிப்பட்ட புயலைக் கால்வாய் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவு நீரை எந்தக் கால்வாயும் தாங்காது. ஆனால் வருடா வருடம் வரும் சாதாரண மாரியில் ஒரு ஆற்றின் மிச்ச நீரை அடுத்த களப்புக்கு நடத்திச் செல்வதற்கு இந்தக் குறுக்குப் பாதை உதவும். அடைத்துக்கொண்டால் அதே பாதை வெள்ளத்தை ஊருக்குள் நிறுத்தி வைக்கும் தொட்டியாகிவிடும். கடையில் ஒரு முறை தண்ணீர் ஏறினால் ஆகும் நட்டத்தையும், அந்தத் தெருவுக் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பின்பக்கக் கால்வாயை வருடம் ஒரு தடவை துப்புரவாக்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்படி எமது வர்த்தக சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேரேடு வைத்திருப்பவருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

புத்தளத்தார் ஒரு கசப்பான பகிடி சொல்வதுண்டு. முன்னர் நாங்கள் கொழும்புக்கு உப்பு அனுப்பினோம், கொழும்பு எங்களுக்குக் குப்பை அனுப்புகிறது என்று. அறுவக்காட்டில் கொழும்புக் குப்பையைக் கொட்டும் திட்டத்துக்கு எதிராக அவர்கள் வீதியில் இறங்கினார்கள். இருந்தும் 2019 இல் குப்பை போனது. உப்பின் கதை அதைவிட வேடிக்கை. மழை கெடுத்து உப்பு விளைச்சல் குறைந்ததால் 2025 இல் சுற்றிவரக் கடல் உள்ள இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது.

இனி இந்தக் கால்வாயில் உப்புப் படகு ஓடுமா? ஓடாது. பாலங்கள் தாழ்வாக இருக்கின்றன, நாள் கணக்கில் காத்திருக்கும் வியாபாரம் இன்று இல்லை. உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகு நீர்கொழும்புப் பக்கம் ஓடுகிறது, அது நல்ல பிழைப்பு, இன்னும் வளரலாம். அதை மட்டும் நம்பி முழுக் கால்வாயையும் மீட்கலாம் என்று பேசுபவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள். தெற்கில் வெள்ள வடிகாலாகவும், நடுவில் மீனவரின் பாதையாகவும், வடக்கில் இறாலுக்கும் உப்புக்கும் நீர்க் குழாயாகவும் அது இன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று அலுவலகம், மூன்று கடிதத் தலைப்பு. ஒரு துண்டில் தூர் வாரினால் அடுத்த துண்டில் மணல் நிற்கிறது. களனியிலிருந்து புத்தளம் வரை ஒரே கையில் பொறுப்பு இருக்க வேண்டும். அந்த நீரைப் பாவித்து இலாபம் பார்ப்பவர்கள், பண்ணையாளர், ஹோட்டல்காரர், உப்பளக்காரர், ஆளுக்கொரு சிறு தொகை அதற்கென்று கட்ட வேண்டும். ஆயம் என்ற பழைய பெயர் பிடிக்காவிட்டால் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். கட்டிய பணம் திறைசேரிக்குப் போகாமல் கால்வாய்க்கே திரும்ப வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

மச்சான் நாலு குளத்தில் இரண்டை மூடிவிட்டார். மற்ற இரண்டிலும் வலயத்து முறை வரும்போது மட்டும் குஞ்சு விடுகிறார். கால்வாய் நீரை நேரே குளத்துக்கு ஏற்றுவதில்லை. மூடிய ஒரு குளத்தில் நிறுத்தி, மருந்திட்டுத் தெளியவிட்டுப் பிறகுதான் எடுக்கிறார். அந்த ஒரு குளத்து வருமானம் போகிறதே என்று கேட்டேன். மேலே இருப்பவர்களும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்.